நடைபாதையில் ஒரு கந்தோர்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை நடந்த கதை இது. அப்போது நான் வெள்ளவத்தையில் அக்கா குடும்பத்தோடு இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கப்பலில் வரும் சாமான்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கொம்பனி அது. யுத்தம் நீண்டுகொண்டே போனதில் எங்களுக்கு வேலை குறைந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்த பெரியவர்கள் கொழும்புக் கந்தோரை மூடிவிடுவதென்று முடிவெடுத்தார்கள்.

மனேஜர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு இரத்மலானையில் அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடைத்திருந்ததால், மாதம் முடிவதற்குள் கந்தோரைக் காலி செய்து கதவுத் திறப்பைக் கட்டட முதலாளியிடம் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தளபாடங்களை என்ன செய்வது என்று மனேஜரிடம் போனில் கேட்டேன். "எல்லாத்தையும் எறிஞ்சு விடும். ஆர் இனி அதைக் கேக்கப் போகினம்" என்றார்.

கட்டட முதலாளி கீழ் மாடியில் பெயின்ற் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். மேலே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். "இதெல்லாம் ஆருக்கு வேணும், புள்ள? பின் வளவுல போட்டுப் பத்த வெச்சாப் போவுது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொலிஷ் போன மேசைகள், அதில் சிலது பலகையும் உடைந்தவை. பிரம்பு அறுந்த கதிரைகள். ஆட்கள் காத்திருப்பதற்காகச் சுவரோடு போட்டிருந்த நீட்டு வாங்குகள். கதவு சரியாகப் பூட்டாத மர அலுமாரிகள். பார்க்கிறவர்களுக்கு அது விறகுதான்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது ஒரு கதிரையைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வெள்ளவத்தை வீட்டில் நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். ஒரு அறைக்குள் ஆறு பேர் இருக்கிற இடத்தில் மேசைக்கு எங்கே போவது? ஓய்வுபெற்ற கணித ரீச்சர் ஒருவர் பிள்ளைகள் இருந்து படிப்பதற்கென்று பின்னேரங்களில் ஒரு மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். மண்டபம் இருந்தது, லைற் இருந்தது, ஒரு மின்விசிறியும் இருந்தது. இருக்கிறதற்கு மட்டும் பாய்தான்.

ரீச்சரிடம் போய், "எங்கட கந்தோர் மேசை கதிரை வேணுமோ?" என்று கேட்டேன்.

"வேணுமோ எண்டு கேக்கிறீரோ பிள்ளை? எப்ப கொண்டாறீர் எண்டு சொல்லும்" என்றார்.

அதன்பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. கந்தோரில் ஒரு சாமான்கூடக் குப்பைக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். தட்டெழுத்து மெஷின்கள் பக்கத்து வீதியில் ரைப்பிங் வகுப்பு நடத்தியவரிடம் போயின. ஜன்னல் திரைச்சீலைகளை எதிர்த்த தையல்கடைக்காரி கேட்டு வாங்கினாள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய விண்ணப்பப் பாரங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மறுபக்கம் வெறுமை. பிள்ளைகள் கணக்குச் செய்து பார்க்க அதைவிட என்ன வேண்டும்? பெட்டியில் கட்டி வைத்தேன். மேசை லாச்சிகளைத் துழாவியதில் ஒரு பெட்டி நிறையப் பேனைகளும் கிடைத்தன. இதையெல்லாம் படியேறி வந்து பார்த்த முதலாளிக்கும் மனம் மாறிவிட்டது. பத்த வைப்பதைப் பற்றி அவர் பிறகு கதைக்கவில்லை. "எண்ட லொறிய எடுத்துட்டுப் போங்க. ரைவரையும் அனுப்புறன்" என்றார். கடையின் பெயர் போட்ட தாளில், சாமான் எங்கே போகிறது என்று ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

சனிக்கிழமை காலை கொச்சிக்கடைப் பக்கம் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் இரண்டு பேர் வந்தார்கள். படி ஒடுக்கம். ஒவ்வொரு மேசையையும் கவிழ்த்து, சாய்த்து, சுவரில் உரசாமல் இறக்கினார்கள். எல்லாம் ஏற்றி முடிந்ததும் நான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஏறினேன். சாரதி ஒரு சிங்களவர், நடுத்தர வயது, சதா சிரித்துக்கொண்டிருக்கிற ஆள். நாட்டாமிமார் பின்னால் மேசைகளுக்கு நடுவில் கதிரைகளில் ராஜா மாதிரி இருந்துகொண்டார்கள்.

கொழும்பில் அந்த நாட்களில் லொறி நிறையச் சாமானோடு ஒரு தமிழ்ப் பெண் போவது சின்ன விஷயமில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அன்று சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டேன். பாதி வழியில் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் இருந்த சோதனைச்சாவடியில் கையைக் காட்டி மறித்தார்கள்.

ஒரு சார்ஜன்ற் வந்தார். மீசை நரைத்தவர். என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பிறகு லொறியின் பின்பக்கம் போய் அலுமாரிகளைப் பார்த்தார். முதலாளியின் கடிதத்தைக் கொடுத்தேன்.

"இது கட்டடக்காரர் தந்த கடிதம். சாமான்காரர் தந்த கடிதம் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சாமான்காரர் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார், மாத்தயா."

அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்கே விளங்கிவிட்டது. சார்ஜன்ற் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், அவர் வந்துதான் முடிவு சொல்ல வேண்டும், அதற்குள் எல்லாவற்றையும் இறக்கிச் சோதிக்க வேண்டும் என்றார். என் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அட்டை கையில் இல்லாமல் அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தெரு தாண்ட முடியாது.

நாட்டாமிமார் இறக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சாமானைத் தாறுமாறாகப் போட்டுப் பழக்கமில்லை. பொலிஸ் நிலைய மதிலோரம் ஒரு பெரிய வாகை மரத்தின் நிழல் இருந்தது. அங்கே வாங்குகளை மதிலோடு வரிசையாக வைத்தார்கள். மேசைகளை அதற்கு முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு கதிரை. அலுமாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். என்னுடைய மேசையில் ஒரு மேசை மணியையும் கட்டையில் எழுதிய ஒரு பெயர்ப்பலகையையும் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் கந்தோர் வாசலில் இருந்த பலகை அது. மூன்று பாஷையிலும் ஒரே சொல்: விசாரணை.

பொலிஸ்காரர் இரண்டு பேர் லாச்சி லாச்சியாகத் திறந்து பார்த்தார்கள். பழைய பாரக் கட்டுகளைக் கலைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அவர்களும் உள்ளே போய்விட்டார்கள். நான் இன்ஸ்பெக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த மதிலோரம் அன்று ஒரு நீண்ட வரிசை நின்றது. எல்லாரும் பொலிஸ் பதிவுக்கு வந்த தமிழ் ஆட்கள். வடக்கிலிருந்து, கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள், எந்த வீட்டில் எத்தனை பேர், எதற்காக வந்தார்கள் என்று பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பாரம் சிங்களத்தில் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

வரிசையில் ஒரு வயதான அம்மா நின்றார். வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. வாங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை கொஞ்சம் இருக்கலாமோ? கால் உளையுது."

"இருங்கோ அம்மா. அதுக்குத்தானே வாங்கு" என்றேன்.

அவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் இருந்தாள். ஐந்து நிமிடத்தில் வாங்குகள் நிறைந்துவிட்டன. வரிசை அப்படியே வாங்கில் இருந்தபடி நகரத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எழும்பி என் மேசைக்கு வந்தார். "விசாரணை எண்டு போட்டிருக்கு. அப்ப உங்களிட்டைத்தானோ கேக்கிறது?" என்று பாரத்தை நீட்டினார்.

இல்லை அம்மா, நானே உள்ளே போன அடையாள அட்டைக்குக் காத்திருக்கிற ஆள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் கையில் இருந்த பாரத்தைப் பார்த்துவிட்டேன். யாரோ பாதி நிரப்பி, பிழையான கட்டத்தில் பெயர் எழுதி, வெட்டி, திரும்ப எழுதியிருந்தார்கள். ஏற்கனவே இரண்டு முறை உள்ளேயிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எனக்குச் சிங்களம் எழுதத் தெரியும். பல வருடம் பக்கத்து மேசையில் இருந்த சிங்கள அக்கா ஒருத்தி கற்றுத்தந்தது. பேனைப் பெட்டியைத் திறந்தேன். என் கதிரையில் இருந்தேன்.

"சொல்லுங்கோ அம்மா. எங்கை இருக்கிறீங்கள்?"

"மகளோடை. கனடாவுக்குப் போறதுக்கு விசா வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம். அதை எழுத வேண்டாம், வராட்டில் வெக்கம்."

எழுதிக் கொடுத்தேன். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பாரத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்களாம். அதை அவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அதோடு முடிந்தது. எல்லாரும் என் மேசைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். நாட்டாமிமாரில் ஒருவர் தானாகவே பியோன் வேலையை எடுத்துக்கொண்டார். "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க" என்று ஆட்களை ஒழுங்குபடுத்தினார். ஒருவருக்கு எழுதி முடிந்ததும் சாரதி மணியை ஒரு தட்டுத் தட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் "அடுத்த ஆள்" என்றார். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் வந்து, மின்சாரப் பில்லையும் இங்கே கட்டலாமா என்று கேட்டார்.

சிரிப்பில்லாத பாரங்களும் வந்தன. ஒரு தாய் மகனைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். முந்தின நாள் சுற்றிவளைப்பில் பொலிஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது, பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பள்ளிக்கூடம், வகுப்பு, அதிபர் தந்த அத்தாட்சி, எல்லாவற்றையும் மரியாதையான சிங்களத்தில், இடையில் ஒரு வெட்டு இல்லாமல். எழுத்து ஒரே சீராக வந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அட்டை போன நேரம் கேட்டிருந்தால் என் பெயரையே ஒழுங்காக எழுதியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் சார்ஜன்ற் வெளியே வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"மொகத மே?" என்றார். என்ன இது என்று கேட்கிறார். சாரதி மணியை மெதுவாகக் கீழே வைத்தார்.

நான் எழும்பினேன். சார்ஜன்ற் மேசையில் கிடந்த பாரங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். அன்று உள்ளே மேசையில் இருந்தவரும் அவர்தான். காலையிலிருந்து பிழையான பாரங்களைத் திருப்பித் திருப்பி அனுப்பி, விளங்காத பாஷையில் கத்திக் களைத்துப்போனவரும் அவர்தான். பாரங்களை வைத்துவிட்டு உள்ளே போனார். எல்லாரும் கலவரத்தோடு பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பொலிஸ்காரர் கையில் ஒரு கிளாஸ் பால் விடாத பிளேன்ரீயோடு வந்து என் மேசையில் வைத்தார். கூடவே ஒரு கட்டு வெறும் பாரம்.

"சார்ஜன்ற் தரச் சொன்னார், நங்கி" என்றார்.

நங்கி என்றால் தங்கச்சி. அதுவரை அந்த இடத்தில் என்னை யாரும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

வரிசை முடிவதற்குக் கொஞ்சம் இருக்கும்போது ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பினார்கள். அவர் மெதுவாக நடந்து வந்தார். அலுமாரியைப் பார்த்தார், மேசைகளைப் பார்த்தார், கடைசியாக அந்தப் பலகையை வாசித்தார்.

"விசாரணை எல்லாம் உள்ளே என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்" என்றார் சிங்களத்தில். குரலில் கோபமா பகிடியா என்று பிடிக்க முடியவில்லை. சார்ஜன்ற் ஓடி வந்து சல்யூட் அடித்தார். லொறி வந்தது, கடிதம் போதாமல் இருந்தது, சாமான் இறக்கியது எல்லாவற்றையும் சொன்னார்.

"சோதனை முடிந்ததா?"

"முடிந்து கனநேரம் சேர். ஒன்றும் இல்லை."

"கட்டடக்காரரோடு கதைத்தீரா?"

"போன் பண்ணினேன் சேர். எல்லாம் உண்மைதான்."

"பிறகு ஏன் இந்தப் பிள்ளை இன்னும் இங்கே இருக்கிறாள்?"

சார்ஜன்ற் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "வரிசை இன்னும் முடியவில்லையே, சேர்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வாயை இறுக்கிக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் சாரதி சிரித்தார், பிறகு சிங்களம் விளங்காத ஆட்களும் சிரித்தார்கள். பயத்துக்குப் பிறகு வருகிற சிரிப்பை நிற்பாட்டுவது கஷ்டம்.

என் அடையாள அட்டை கைக்கு வந்தது. மிச்சமிருந்த ஆட்களுக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். மகனைத் தேடி வந்த தாயை இன்ஸ்பெக்டர் கடிதத்தோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் சாமான் ஏற்றத் தொடங்கியபோது வரிசையில் நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். கடைசியாக வாங்குகளைத் தூக்கப் போனபோது எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை திரும்பவும் ஒரு வரிசை நிற்கும். வெயிலும் இருக்கும். இன்ஸ்பெக்டரிடம் போய், இருந்த இரண்டு வாங்கையும் ஒரு மேசையையும் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன்.

"ஆட்களிடமிருந்து நான் ஒன்றும் வாங்கக்கூடாது" என்றார். பிறகு வாகை மரத்தைப் பார்த்துக்கொண்டே, "நடைபாதையில் யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்" என்றார்.

மறந்துவிட்டுப் போனோம்.

வெள்ளவத்தை மண்டப வாசலில் ரீச்சரும் பிள்ளைகளும் காலையிலிருந்து காத்துக்கொண்டு நின்றார்கள். லொறியில் இருந்ததை எண்ணிப் பார்த்த ரீச்சர், "வாங்கும் வரும் எண்டு சொன்னீரே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் மண்டபப் படியில் இருந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அங்கை நிண்டவையும் எங்கட ஆக்கள்தானே. விடும்" என்றார்.

ஆனால் இடம் போதாமல்தான் இருந்தது. அடுத்த நாள் காலை ஒருவர் மண்டபத்தைத் தேடி வந்தார். வரிசையில் நின்றவர்களில் ஒருவர், திருகோணமலைப் பக்கம் தச்சுவேலை செய்தவர். வேலை இல்லாமல் தங்கியிருந்தார். நாங்கள் சாமான் ஏற்றும்போது சாரதியிடம் எங்கே போகிறது என்று கேட்டு வைத்திருந்தாராம். வந்தவர் அலுமாரிகளைத் தட்டிப் பார்த்தார். "கதவு பூட்டாட்டில் என்ன, நல்ல தேக்கு" என்றார். கதவுகளைக் கழற்றி, உடைந்த மேசைகளின் கால்களைப் பூட்டி, பின்னேரத்துக்குள் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்து எழுதக்கூடிய நீட்டு மேசைகள் செய்துவிட்டார். மிச்சப் பலகைகள் புத்தகத் தட்டாகின. அறுந்த பிரம்புக் கதிரைகளுக்கு நைலோன் கயிறு பின்னினார். கடைசியில் கந்தோரில் இருந்ததை விட மண்டபத்தில் இருக்க இடம் கூடிவிட்டது. அவரைப் பார்த்துவிட்டு ஒழுங்கையில் இரண்டு மூன்று வீட்டுக்காரர் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

சில நாட்கள் கழித்து வீதியில் ஒரு பெண் என் கையைப் பிடித்தார். கடிதம் எழுதுவித்த தாய். மகன் வீட்டுக்கு வந்துவிட்டான், சுகமாக இருக்கிறான் என்றார். கடிதத்தால்தான் வந்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் வந்த பிள்ளைகளும் உண்டு, எத்தனை கடிதம் எழுதியும் வராத பிள்ளைகளும் உண்டு. அன்று வந்த ஒரு பிள்ளைக்காக நாங்கள் இரண்டு பேரும் காலி வீதியில் நின்று அழுதோம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள்.

பிறகு நான் இரத்மலானையிலும் வேறு இடங்களிலும் எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன். பதவியும் உயர்ந்தது, குளிரூட்டிய அறையும் கிடைத்தது. ஆனால் நான் செய்த வேலைகளில் எதைப் பற்றி உனக்குப் பெருமை என்று யாராவது கேட்டால், மூடிப்போன ஒரு கந்தோரில், யாரும் என்னை நியமிக்காத ஒரு கதிரையில் இருந்து, என்னையே நம்பாத ஒரு வாசலுக்கு முன்னால் செய்த அந்த ஒரு நாள் வேலையைத்தான் இன்றைக்கும் சொல்லுவேன்.